சுவைக்கு எது நல்லது: 3 மி.கி., 12 மி.கி., சால்ட் 20?

ஒரே மாம்பழ வேப் (மின்சிகரெட்) திரவத்தை 3 மி.கி., 12 மி.கி. என இரண்டு அளவில் அடுத்தடுத்து இழுத்தால், இரண்டும் ஒரே தயாரிப்புதானா என்று சந்தேகம் வரும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் நிகோடின் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. நிகோடினுக்கென்று ஒரு சுவை உண்டு. கசப்பு, கூடவே மிளகைப் போன்ற காரல்.

3 மி.கி.யில் அந்தக் காரல் அடங்கியே இருக்கும். இழுக்கும்போது பழ மணம், பிறகு இனிப்பு, வெளிவிடும்போது லேசான புளிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். 12 மி.கி.யில் இனிப்பு நாக்கில் படுவதற்குள் தொண்டை காரிவிடும். கஸ்டர்ட், வெண்ணிலா, பழம் போன்ற மென்மையான ஃப்ளேவர்கள் இதில் எடுபடாது. புகையிலையும் காபியும் தாக்குப்பிடிக்கும், கசப்பு அவற்றுக்கு இயல்பாயிற்றே. மெந்தாலின் குளிர்ச்சியும் காரலை ஓரளவு மறைத்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 மி.கி.யைப் பெரும்பாலும் அதிக வாட் கருவியில் போடுகிறார்கள். அதில் திரவம் நிறைய ஆவியாகும், சுவையும் கூடித் தெரியும். அதனால் ஒரே கருவியில், திரவத்தைச் சூடாக்கும் ஒரே கம்பிச்சுருளில் (coil) வைத்து ஒப்பிட்டால்தான் நியாயம்.

அப்புறம் சால்ட், அதாவது அமிலம் சேர்த்த நிகோடின். சேர்க்காத சாதாரண நிகோடினை ஃப்ரீபேஸ் என்பார்கள், அது காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்த்தன்மை) கொண்டது. பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் அது தணிந்து, தொண்டை உறுத்தலும் குறையும். 20 மி.கி. சால்ட் 12 மி.கி. ஃப்ரீபேஸைவிட வழவழப்பாக இறங்குவது இதனால்தான். சுவை தெளிவாகவே இருக்கும், ஆனால் சால்ட்டை வழக்கமாக ஊற்றும் சின்ன பாட் (pod) கருவியில் ஆவி குறைவு என்பதால் அடுக்குகள் தெரியாது. எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் உண்டு. ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய தொண்டை இங்கே வாயே திறப்பதில்லை. சிகரெட்டே தொடாதவர்கூட இவ்வளவு நிகோடினை உறுத்தலில்லாமல் இழுத்து, அடிமையாகிவிட முடியும்.

சுவை மட்டும் என்றால் 3 மி.கி.தான், சந்தேகமே இல்லை. பூஜ்ஜியத்தில் இனிப்பு இன்னும் தெளிவு, ஆனால் சிகரெட் பழகிய தொண்டைக்கு அது சப்பென்றிருக்கும். சிகரெட்டை விட முயல்பவர் சுவைக்காக அளவை ரொம்பக் குறைத்தால் திரும்பவும் பாக்கெட்டைத் தேடலாம். அவருக்குச் சுவை இரண்டாவதுதான். புகைப்பழக்கமே இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

பழைய பாட்டிலை வைத்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் நிகோடின் பழுப்பாகிக் காரல் ஏறும். அளவு கூடினால் அது இன்னும் தெரியும். வெண்ணிலா திரவங்கள் அவற்றிலுள்ள வனிலின் என்ற மணப்பொருளாலும் பழுப்பாகும், எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் முகர்ந்தும் பாருங்கள். மூடியை இறுக்கி, இருட்டான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் அது நஞ்சு.