பன்னீர் பந்தலுக்குச் சல்பர்: பொடியா, குருணையா?

தேனி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் 80 சதவீத நனையும் சல்பர், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகம், இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. ஒன்று பொடி, சல்ஃபெக்ஸ் இந்த வகை. இன்னொன்று குருணை, கோசவெட் டிஎஃப், தையோவிட் ஜெட் இந்த வகை. இரண்டிலும் கந்தகத்தின் அளவு ஒன்றுதான், இலையிலும் குலையிலும் வெள்ளையாகப் படரும் சாம்பல் நோயைப் பிடிக்கும் விதமும் ஒன்றுதான். கிலோவுக்குக் குருணையின் விலை கூடுதல். பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர்கள் அந்தக் கூடுதல் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

காரணம் டேங்கில் தெரியும். பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டினால் மேலே மிதக்கும், கட்டி பிடிக்கும், நாசிலை அடைக்கும். ஒரு கிலோவை முதலில் பக்கெட்டில் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். குருணைக்கு இந்த வேலை இல்லை. டேங்கில் பாதித் தண்ணீர் நிரப்பி, கலக்கிக்கொண்டே குருணையைப் போட்டு, மீதித் தண்ணீரை விட்டால் போதும். தூசி பறக்காததால் கலக்குகிறவருக்கு மூக்கும் கண்ணும் எரியாது. ஆனால் கந்தகம் தண்ணீரைவிட இரு மடங்கு கனமானது. எந்த வடிவமானாலும் அடிக்கும் நேரம் முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்து அப்படியே மறுபடி அடித்தால் ஒரு வரிசைக்குக் கெட்டி மருந்து, அடுத்த வரிசைக்கு வெறும் தண்ணீர் என்றாகிவிடும்.

அளவு லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம். இலை அடர்ந்த பந்தலில் ஏக்கருக்கு 400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றால் ஒரு கிலோ சரியாக இருக்கும். லேபிளில் போட்டிருப்பதற்கு மேலே போவதில் எந்த லாபமும் இல்லை.

சல்பர் எதைச் செய்யும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சாம்பல் நோய்ப் பூசணம் இலையின் மேல்தோலில் படர்ந்து, உறிஞ்சு உறுப்பை மட்டும் மேலடுக்குச் செல்லுக்குள் இறக்கி வாழ்கிறது. உடம்பு வெளியே இருப்பதால்தான் மேலே படியும் கந்தகம் அதைக் கொல்கிறது. ஆனால் கந்தகம் இலைக்குள் ஏறாது, மருந்து படாத இடத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. துளிர் மூன்று இலை விட்டதும் தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, இலையின் இரு புறமும் குலையின் உள்ளேயும் படும்படி அடிக்க வேண்டும். பூக்கும் சமயமும் பிஞ்சு கட்டிய பின் வரும் மூன்று நான்கு வாரமும்தான் கண்டம். அப்போது தொற்றிய பழத்தின் தோல் பெருக்க முடியாமல் பின்னால் வெடிக்கும், வெடிப்பில் அழுகல் நுழையும். குலை முழுக்க வெள்ளை படிந்த பிறகு சல்பரைத் தேடி ஓடினால் பலன் குறைவு. அந்த நிலைக்கு ஹெக்சகோனசோல், மைக்ளோபியூட்டனில் போன்ற ஊடுருவும் மருந்துகள் வேண்டும். அவற்றை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிவிடும். சல்பர் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால் 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு எதிர்ப்புத் திறன் வரவில்லை. ஊடுருவும் மருந்துகளுக்கு நடுவே சுழற்சியில் சல்பரை வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அடிச்சாம்பலுக்கு இது உதவாது. இலையின் மேல் எண்ணெய் சொட்டியது போன்ற மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே பஞ்சு போன்ற வெள்ளை இருந்தால் அது அடிச்சாம்பல். அந்த உயிரி உண்மையான பூசணமே அல்ல, இலைக்குள் வளர்வது. ஐப்பசி மழையில் அதற்குச் சல்பர் அடிப்பது பணத்தைக் கரைப்பது. போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துதான் அங்கே வேலை செய்யும். சாம்பல் நோய்க்கோ இலையில் நீர் நிற்கத் தேவையில்லை. மார்கழி, தையின் இதமான, மப்பான நாட்களில் அது பாயும்.

வெப்பத்தைக் கவனிக்காமல் அடித்தால் நல்ல சரக்கும் கெட்ட பெயர் வாங்கும். கந்தகம் ஆவியாகித்தான் பாதி வேலை செய்கிறது. 18 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், 32 டிகிரியைத் தாண்டினால் இளம் இலையையும் பிஞ்சையும் பொசுக்கும். தையில் வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். சித்திரையில் மாலையில் அடியுங்கள், அல்லது அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். வேப்ப எண்ணெயோ வேறு எண்ணெய் மருந்தோ அடித்திருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி கட்டாயம். பக்கத்தில் வெள்ளரி, முலாம்பழம் இருந்தால் காற்று அந்தப் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது. சல்பருக்கு அவை சட்டென்று கருகும்.

பந்தலுக்கே உரிய தொல்லை, அண்ணாந்து அடிப்பதால் மருந்து முகத்தில் சொட்டுவது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது. இலை கிள்ளி வெளிச்சம் விடாத பந்தலில் எவ்வளவு நல்ல சல்பரும் குலைக்குப் போய்ச் சேராது. பழம் இளகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கருநீலப் பழத்தில் வெள்ளைப் படிவு பளிச்சென்று தெரியும், சந்தையில் விலை கேட்க மாட்டார்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை போடுங்கள். நல்ல குருணை இறங்கும்போதே உடைந்து பால் போலப் பரவும். அப்படியே அடியில் போய் உட்கார்ந்தாலோ, பொடி மேலே மிதந்துகொண்டே இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே பில் வாங்கி, பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ரப்பர் மரத்துக்குத் தூவ விற்கும் கந்தகத் தூளை விலை மலிவு என்று வாங்கி வராதீர்கள். அது தண்ணீரில் கலக்கச் செய்ததல்ல, டேங்கில் திரண்டு நிற்கும். பிரித்த பையை வாய் கட்டி, அடுப்பு, பீடி நெருப்பு அண்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.