கேமராவில் 3,000 தள்ளுபடி, ஆக்சசரீஸில் 14,100 வசூல்: சேலத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

சேலத்தில் புதுக் கேமரா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் அக்கா மகன் போன மாதம் டவுனில் ஒரு கடையில் கேனான் ஆர்50 வாங்கினான், 18-45 லென்ஸோடு. ஆன்லைன் விலையைவிட 3,000 ரூபாய் குறைவு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதோடு சேர்த்து அவன் தலையில் கட்டிய சாமான்கள் 14,100 ரூபாய்க்கு.

நான் அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன், கடைக்காரர்கள் கணக்கு ஓரளவு தெரியும். பாடியிலும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அதோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸிலும் கடைக்கு நிற்பது ரொம்பக் கொஞ்சம். ஆன்லைன் விலை எல்லோர் போனிலும் இருக்கிறது. அதைத் தாண்டிச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவார். அதனால் கேமராவை அடக்க விலையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஃபில்டர், மெமரி கார்டு, பேக், ட்ரைபாட் இவற்றில் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். வாடகையும் பையன்கள் சம்பளமும் வேறு எங்கிருந்து வரும்? பொய் சொல்லி விற்றதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் சார்ஜர், 2,600 ரூபாய். "இப்பல்லாம் சார்ஜர் தனியாத்தான் வாங்கணுமாம் மாமா" என்றான். சில மாடல்களில் அது உண்மையும்கூட. பெட்டியில் சார்ஜர் வராது, யுஎஸ்பி கேபிளில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ஆர்50 பெட்டியில் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தே வரும். அவனிடம் கொடுத்ததை வாங்கிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. தனியாக விற்கும் சார்ஜர் என்றால் அதற்கென்று ஒரு அட்டைப் பெட்டி, அதன் மேல் எம்ஆர்பி, இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. கேமரா பெட்டியில் சார்ஜர் வைக்கும் பள்ளமும் காலி. அவன் சார்ஜரை எடுத்து அவனுக்கே விற்றிருக்கிறார்கள்.

அடுத்தது யூவி ஃபில்டர், லென்ஸ் முன்னால் மாட்டும் புற ஊதாக் கதிர்த் தடுப்புக் கண்ணாடி, 49 மி.மீ., 1,800 ரூபாய். பையன் ஏற்காட்டில் கோடை விழா எடுக்கப் போகிறேன் என்று வாய்விட்டிருக்கிறான். "ஏற்காட்டுப் பனிக்கு இது இல்லாம படமே வராது தம்பி" என்றார்களாம். ஃபிலிம் காலத்தில் 1,500 மீட்டர் உயரத்தில் அந்தக் கதிரால் தூர மலை நீலம் பூத்து விழும், அப்போது யூவி ஃபில்டருக்கு வேலை இருந்தது. டிஜிட்டல் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. பனியோ தண்ணீர்த் துளி. அதை எந்த யூவி ஃபில்டரும் ஒன்றும் செய்யாது. லென்ஸில் கீறல் விழாமல் இருக்கப் போடலாம், அவ்வளவுதான்.

கார்டுதான் பெரிய அடி, 7,800 ரூபாய். "ஃபோர்கே வீடியோ எடுக்கணும்னா இந்த ஸ்பீடு இல்லாம நடுவுல நின்னுடும்" என்றிருக்கிறார்கள். கார்டைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் தங்க நிறப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தால் அது யுஎச்எஸ்-2 என்கிற அதிவேக ரகம். அவனுக்குக் கொடுத்தது அதுதான். கார்டு ஒரிஜினல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆர்50-இல் இருப்பது யுஎச்எஸ்-1 ஸ்லாட். இரண்டாவது வரிசை அதில் எங்கும் தொடவே தொடாது. அந்தக் கேமராவின் ஃபோர்கேக்கு நொடிக்குச் சுமார் 15 எம்பி எழுதினால் போதும். வி30 என்று போட்ட சாதாரண கார்டு 30 தாங்கும், விலையும் இதில் பாதிகூட வராது.

பேக் 1,900. அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஜிப் நன்றாக இருக்கிறது.

பில் கதை தனி. கேமராவுக்கு மட்டும் ஜிஎஸ்டி பில். மற்றதெல்லாம் ஒரு வெள்ளைச் சீட்டில் 'ஆக்சசரீஸ் செட்' என்று ஒரே வரி. பிரித்துக் கேட்டால் "பில் போட்டா 18 பர்சென்ட் கூடும்" என்று மிரட்டல். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. பணம் முழுக்க ஜிபேயில் போனதால் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன். கவுண்டரிலேயே கம்பெனி இணையதளத்தைத் திறந்து பெட்டிக்குள் வரும் சாமான் பட்டியலைக் காட்டியதும், "பையன் தெரியாம எடுத்து வெச்சுட்டான் சார்" என்று 2,600-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சார்ஜர் பைக்குள் எப்படித் தெரியாமல் போகும், அதற்கு விலை எப்படித் தெரியாமல் விழும் என்று கேட்டேன், பதில் இல்லை. ஃபில்டர், கார்டு இரண்டையும் சீல் உடைத்துவிட்டீர்கள் என்று வாங்க மறுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு இப்படி நடந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதில் ஆகவில்லை என்றால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நாங்கள் 1915-இல் பதிந்திருக்கிறோம். கடையிலிருந்து பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.