முன்பணத்தோடு எங்கள் குரல்களையும் எடுத்துக்கொண்ட கேம் மாஸ்டர்: ஓர் எச்சரிக்கை

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களை இணையத்தில் குரல் அழைப்பு வழியாக ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டணம் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் ஒரு கேம் மாஸ்டரிடம் சேர நினைப்பவர்கள் அவசியம் படியுங்கள். பல நாட்கள் தொடரும் ஒரு கதையின் முழு ஆட்டத்துக்கும், அதாவது முழு கேம்பெயினுக்கும், சேர்த்து முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கட்டாதீர்கள். எங்களிடம் அப்படி வாங்கிய ஒருவர் பாதிக் கதையில் எங்களை வெளியேற்றிவிட்டார். பணம் திரும்பி வரவில்லை. அதைவிட எங்களைக் கொதிக்க வைத்தது வேறு. ஆட்டத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் பதிவு செய்து, தன்னுடைய நிகழ்ச்சி என்று யூடியூபில் ஏற்றியிருந்தார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்டம் நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. கதைக்களம், வரைபடங்கள், வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், விதிகளில் தேர்ச்சி என்று நல்ல கேம் மாஸ்டர் போடும் உழைப்பு பெரியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் வெளிவந்தபோது, ஒரே மேசையைச் சுற்றி உட்கார ஆள் கிடைத்தால்தான் ஆட முடியும். இன்று எங்கெங்கோ இருக்கும் நாலைந்து பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் துணையில்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் நாங்கள் மனமுவந்து பணம் கொடுத்தோம். இந்த ஆள் அந்த ஆசையைத்தான் காசாக்கினார்.

அவருடைய விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன. நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கதை முழுக்கத் தன் சொந்தப் படைப்பு. கேம்பெயின் முழுவதற்கும் ஒரே தவணையில் கட்டினால் சலுகை. சேர்ந்த பிறகு, கட்டணத்தோடு மேலும் இரண்டு தொகைகள் ஒட்டிக்கொண்டன. ஒன்று மென்பொருள் உரிமக் கட்டணம், மற்றது விதிநூல் கட்டணம். இரண்டும் ஆளுக்கு ஒன்றாக வசூலிக்கப்பட்டவை. அவர் பயன்படுத்தியது, ஆட்டத்தின் வரைபடங்களையும் பாத்திரங்களையும் திரையில் காட்டும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள். அதற்கு உரிமம் வாங்க வேண்டியவர் ஆட்டத்தை நடத்துபவர் மட்டுமே. அதுவும் ஒரே முறை வாங்கினால் போதும். ஆடுகிறவர்கள் பிரவுசரில் இணைப்பைத் திறந்து உள்ளே வந்துவிடலாம், அவர்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. விதிகளைப் பொறுத்தவரை, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தொகுப்புக்குள் அடங்கும் பாத்திரங்களைத்தான் நாங்கள் ஆடினோம். ஆக, இல்லாத செலவுக்கு எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாக வசூல் நடந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களின் அறியாமையைக் கணக்குப் போட்டுச் செய்த வேலை இது.

பணத்தை அனுப்பச் சொன்ன விதத்தையும் கவனியுங்கள். பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் வகையில் அனுப்பச் சொன்னார். கமிஷன் மிச்சமாகும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த வகையில் அனுப்பும் பணத்துக்கு, பொருளோ சேவையோ வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிடையாது. பின்னால் முறையிட்டபோது அந்தக் கதவு முதலிலேயே சாத்தப்பட்டிருந்தது.

தொடக்கம் அருமையாக இருந்தது. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடி எதிர்பார்ப்புகளைப் பேசும் செஷன் ஸீரோவை அவர் நடத்திய விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. எந்த விஷயங்கள் கதையில் வரவே கூடாது, எவை வந்தாலும் மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டார். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டைப் பற்றி விளக்கினார். நேரில் ஆடும்போது மேசை நடுவில் இருக்கும் அந்த அட்டையை யார் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். குரல் அழைப்பில், சாட் பெட்டியில் எக்ஸ் என்று தட்டினால் போதும் என்றார். எங்களில் ஒரு பெண், தன் தந்தையின் மரணம் இன்னும் ஆறாத ரணம், அதைத் தொடும் காட்சிகள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். இவரை நம்பலாம் என்ற எண்ணத்தில்தான் அவர் அதைச் சொன்னார்.

அடுத்த செஷனில் குரல் அறைக்குள் நுழைந்தால் ஏழு பேர்! நான்குக்கு மேல் இல்லை என்ற வாக்குறுதி அன்றே போயிற்று. நேரில் ஏழு பேர் ஆடலாம். மேசையின் ஒரு மூலையில் இருவர் தாழ்ந்த குரலில் திட்டம் தீட்ட, மறுமூலையில் இன்னொருவர் பகடை உருட்டிக்கொண்டிருக்கலாம். குரல் அறையில் மூலை கிடையாது. இருவர் சேர்ந்து பேசினால் இரண்டுமே புரியாது. எனவே குரலை உயர்த்துகிறவர் ஆடுவார், அடக்கமானவர் காத்திருப்பார். போதாக்குறைக்கு அவர் ஹெட்போன் போடாமல் ஸ்பீக்கரில் எங்களைக் கேட்டதால், நாங்கள் பேசியதெல்லாம் அவருடைய மைக் வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. பல முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் கேட்பதுதானே இந்த ஆட்டத்தின் உயிர்? அதற்குக் காசு வாங்குகிறவர் செய்ய வேண்டிய முதல் காரியம் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொள்வது.

பிறகு மௌனங்கள் தொடங்கின. ஒருவர் தன் செயலைச் சொல்லி முடிப்பார், பதில் வராது. கேம் மாஸ்டரின் பெயருக்கு அருகில் மைக் அணைந்திருக்கும் குறி தெரியும். சற்றுப் பொறுத்து வந்து, "இப்போது என்ன செய்தீர்கள்?" என்பார். ஒரு நாள், பாலத்தடியில் பதுங்கியிருந்த எங்கள் குழுவில் ஒருவர், "மேலே இருக்கும் காவலாளிக்கு என் காலடிச் சத்தம் கேட்கிறதா?" என்று கேட்டார். கேம் மாஸ்டரின் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஒளிர்ந்தது. "பாய்மரம் முறிந்துவிட்டது, கப்பல் சாய்கிறது, எல்லோரும் பகடை உருட்டுங்கள்" என்றார். எங்கள் கதையில் கப்பலே இல்லை. யாரும் பேசவில்லை. மைக் மீண்டும் அணைந்தது. அதே நேரத்தில் அவர் இன்னொரு குழுவுக்கும் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் இருந்த ஒருவர் பிற்பாடு எங்களைத் தேடி வந்து பேசியதில் இது உறுதியாயிற்று. அவர்களும் முழுக் கட்டணம் கட்டியவர்கள்.

சொந்தப் படைப்பு என்ற வாக்குறுதியும் நிற்கவில்லை. கடைகளில் விற்கும் ஒரு சாகசக் கதையில் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பதைக் குழுவில் ஒருவர் கண்டுபிடித்தார். அச்சிட்ட கதையை ஆடுவதில் கேவலம் ஒன்றுமில்லை, சொல்லிவிட்டு ஆட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காதது எக்ஸ் விஷயத்தில்தான். கதையில் ஒரு கிழவர் சாகும் காட்சியை அவர் இழுத்துக்கொண்டே போனார். இறப்பவரின் குரலில் பேசினார், மகளைத் தேடினார். அந்தப் பெண் சாட்டில் எக்ஸ் தட்டினார். காட்சி நிற்கவில்லை. மறுபடியும் தட்டினார். நாங்களும் தட்டினோம். குரல் அழைப்பில் முகம் தெரியாது. எதிரே இருப்பவர் கண்கலங்குவதும் எழுந்து போவதும் யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றை எழுத்துதான் முகத்துக்குப் பதிலாக இருக்கிறது. கடைசியில் ஒருவர் மைக்கில் உரக்கச் சொன்ன பிறகே நிறுத்தினார். "நன்றாக வந்துகொண்டிருந்த காட்சியைக் கெடுத்துவிட்டீர்கள்" என்பது அவருடைய பதில்.

ஏன் அப்படி இழுத்தார் என்பது சில வாரங்களில் விளங்கியது. அந்தக் காட்சி முழுவதும், அந்தப் பெண்ணின் உடைந்த குரலோடு, யூடியூபில் இருந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களும் இருந்தன. செஷன் ஸீரோவில் அந்தப் பெண் தன் தந்தையைப் பற்றிப் பேசியதையும் அறிமுகப் பகுதியாக வெட்டிச் சேர்த்திருந்தார். நாங்கள் குரல் அழைப்புக்குப் பயன்படுத்திய டிஸ்கார்டில், பதிவுக்குப் பயன்படும் கிரெய்க் போன்ற பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்) குரல் அறைக்குள் வந்து நிற்பதால் எல்லோரும் பார்த்துவிடலாம். ஆனால் தன் கணினியில் ஓபிஎஸ் போன்ற மென்பொருளை ஓட்டி ஒருவர் பதிவு செய்தால் மற்றவர்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது. அவர் செய்தது அதுதான்.

கேட்டோம். "என் சர்வருக்குள் வந்ததே சம்மதம்தான்" என்றார். சர்வர் என்பது டிஸ்கார்டில் அவர் எங்கள் ஆட்டத்துக்காக வைத்திருந்த இடம். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பதிவுகளை நீக்குங்கள் என்றோம். அன்றிரவே ஒவ்வொருவராக சர்வரிலிருந்து நீக்கப்பட்டோம். அதோடு நாங்கள் எழுதிய பாத்திரக் குறிப்புகள், ஆட்ட நாட்குறிப்பு, உரையாடல்கள் எல்லாம் எங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. ஃபவுண்ட்ரியில் இருந்த பாத்திரங்களும் அப்படியே. ஆட்ட உலகம் அவருடைய கணினியில் இருந்ததால், அவர் மூடினால் மூடியதுதான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் இரண்டு வழிகளைச் சொல்கிறேன். டிஸ்கார்டின் அமைப்புகளில் உங்கள் தரவின் நகலைக் கேட்டுப் பெறலாம். நீங்கள் அனுப்பிய செய்திகள் அதில் இருக்கும், மற்றவர்கள் எழுதியவை இருக்காது. குழுவில் எல்லோரும் வாங்கிச் சேர்த்தபோது, அவருடைய வார்த்தைகள் நீங்கலாக, உரையாடலின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. யூடியூபில் தனியுரிமைப் புகாருக்கு இடம் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் குரலும் அதற்குள் அடங்கும். ஆனால் பொதுவாகப் பாதிக்கப்பட்டவரே நேரடியாகப் புகார் தர வேண்டும், நண்பர் தர முடியாது. எங்கள் புகார்களால் அந்தப் பெண்ணின் குரல் உள்ள பகுதிகள் இறங்கிவிட்டன. மற்றவை இன்னும் இருக்கின்றன.

சேருவதற்கு முன் கட்டணம் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் தனியாகக் கட்டணம் வாங்குபவரிடம் சேர்ந்தால், பிடிக்காத அன்று விலகிவிடலாம். பதிவு செய்வீர்களா, எங்கே வெளியிடுவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாத்திரத் தாளின் நகல் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். குழுவினருக்கென்று, கேம் மாஸ்டர் இல்லாத தனி உரையாடல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் இழக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அவர் இப்போது வேறு பெயரில் மீண்டும் ஆள் சேர்க்கிறார். விளம்பர வாசகம் ஒரு எழுத்துகூட மாறவில்லை: நான்கு இடங்கள் மட்டும், சொந்தக் கதை, ஒரே தவணையில் கட்டினால் சலுகை. அதன் பின் தனியே உரிமக் கட்டணமும் விதிநூல் கட்டணமும் கேட்டால் அதே ஆள்தான். கப்பல் கதையிலோ அவருடைய வேறு குழுக்களிலோ ஆடியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பதிவுகளின் இணைப்புகளை அனுப்புகிறேன். உங்கள் குரல் அவற்றில் இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டுப் பார்த்துப் புகார் கொடுக்க முடியும்.