மாவுக் கடையில் எட்டு வருடம்: விசி கூலரும் டீப் ஃப்ரீசரும்

மடிப்பாக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் 2017 ஏப்ரலில் மாவுக் கடை ஆரம்பித்தோம். இட்லி மாவு, அடை மாவு, தயிர், பனீர், பட்டாணி, கொஞ்சம் ஐஸ்கிரீம். அன்று வாங்கிய கண்ணாடிக் கதவு விசி கூலரும், மேல் மூடி திறக்கிற டீப் ஃப்ரீசரும் இன்றும் ஓடுகின்றன. புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர், எந்த கம்பெனி?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினேன். பாடம் எல்லாம் பின்பக்கத்தில் இருந்து வந்தது.

முதல் கோடையிலேயே கூலர் மக்கர் செய்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, மாவு மட்டும் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. குழாயில் ஓடிக் குளிர வைக்கிற கேஸ் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்த தம்பி கேஸை நோண்டவே இல்லை. கீழே இருக்கும் கம்பி மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரின் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. தெருப் புழுதியும், பக்கத்து பஜ்ஜிக் கடை எண்ணெய் ஆவியும், எங்கள் அரிசி மாவுத் தூளும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் இழுத்தால் பட்டையாக உரிந்து வந்தது. "மூச்சு முட்டுதுக்கா இதுக்கு, அதான் ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே விடுவதுதான் இந்தப் பெட்டியின் மொத்த வேலை. விடுகிற வழி அடைபட்டால் அது என்ன செய்யும்?

இடமும் தப்பு. சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம், பிற்பகல் வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அரை அடி முன்னால் இழுத்து, ஷட்டர் பக்கம் ஒரு தார்ப்பாய் தொங்கவிட்டோம். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை, பூசணிக்காய் சுற்றும் முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சரை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறேன். மேலிருந்து கீழாகத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். பதினைந்து நிமிட வேலை.

இன்னொரு தப்பு, அரைத்த மாவைத் தூக்கு தூக்காக அப்படியே உள்ளே வைத்தது. விசி கூலர் குளிர்ந்ததைக் குளிர்ச்சியாக வைத்திருக்கத்தான், சூடானதை வேகமாகக் குளிர வைக்க அல்ல. தூக்கின் ஓரம் ஜில்லென்று இருக்கும், நடுவில் மாவு பொங்கிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு கிலோ பாக்கெட்டாகப் போட்டு, இடைவெளி விட்டுப் படுக்க வைக்கிறேன், அதையும் இரண்டு தவணையாக. வெளியே டிஸ்ப்ளேவில் தெரிகிற எண் உள்ளே இருக்கும் காற்றின் சூடு, மாவின் சூடு அல்ல. நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு வைத்திருக்கிறேன். அது 5 டிகிரிக்கு மேல் போனால் கவனிப்பேன். ஃப்ரீசர் மைனஸ் 18-இல் நிற்க வேண்டும்.

ஃப்ரீசரில் வந்த பெரிய செலவு எங்கள் கையாலேயே வந்தது. கடைப் பையன் சுவரில் படிந்த ஐஸைக் கத்தியால் குத்தினான், புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவருக்கு உள்ளேதான் குழாய் ஓடுகிறது. ஓட்டையை அடைத்து கேஸ் ஏற்றி எடுப்பதற்குள் நான்கு நாள் போனது. ஐஸ் அரை சென்டிமீட்டர் தடிமன் வந்ததுமே ஆஃப் செய்து, மூடியைத் திறந்து உருகவிடுங்கள். ஐஸைச் சுரண்டப் பிளாஸ்டிக் தகடு தவிர எதையும் உள்ளே விடாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர், அதனால் ஆரம்பத்திலேயே இரண்டையும் ஒரு அடி இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். கம்ப்ரசர் அடியில்தானே இருக்கிறது, கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தும் அது நனையவில்லை. கூலரில் இருந்த மாவு முழுவதையும் கொட்டினோம், மனசு ஆறவில்லை. ஃப்ரீசரில் காலி இடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருந்தேன், மூடியையும் திறக்கவில்லை. நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி என்றால் ஒரு நாள்தான். கிண்ணத்தில் உறைந்த ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் திறந்தபோது அது மேலேயே இருந்தது. நாணயம் அடியில் போயிருந்தால் சரக்கு உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம், விற்கக் கூடாது.

கரண்ட் வந்ததும் உடனே போடாதீர்கள். நின்ற கம்ப்ரசரில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்கு முன் ஓட முயன்றால் அதன் மோட்டார் காயில் சூடேறிக் கருகும். நேரம் தாழ்த்தி ஆன் ஆகிற ஸ்டெபிலைசர் வாங்கிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? கூப்பிட்ட அன்றே வரக்கூடிய மெக்கானிக்கும் பாகமும் உங்கள் ஏரியாவில் எதற்குக் கிடைக்கிறதோ, அதை. திருவொற்றியூரில் மீன் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்குக் கடற்காற்றில் கண்டென்சர் இரண்டே வருடத்தில் அரித்துப் போனது. கடல் பக்கம் கடை என்றால், கண்டென்சருக்குத் துரு தாங்கும் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஐஸ்கிரீம் கம்பெனி கொடுக்கிற பெட்டியில் பொதுவாக அவர்கள் சரக்கை மட்டும்தான் வைக்க விடுவார்கள், அதை நம்பிப் பனீர் வியாபாரத்தைத் திட்டமிடாதீர்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் ஆர்290 கேஸ் வருகிறது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும். பழைய ஆர்134ஏ-வை விடப் பூமிக்கு நல்லது. ஆனால் அதில் பழகாத ஆளை, குழாய் பற்றவைக்கிற நெருப்பு டார்ச்சோடு கடைக்குள் விடாதீர்கள்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது கதவு ரப்பரையும் பார்த்துவிடுவேன். பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுப்பேன், இறுக்கிப் பிடிக்க வேண்டும். போன முறை கீழ் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. புது ரப்பர் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. மாற்றிய அன்று இரவு கம்ப்ரசர் நின்று நின்று ஓடிய சத்தத்தைக் கேட்டபடி கடையை மூடினேன்.