தேரடியில் ஒரு பாட்டு வகுப்பு

திருவொற்றியூர் தேரடிக்கு அருகே, ஒரு வீட்டின் மாடியில் நடைபெறும் வாய்ப்பாட்டு வகுப்பில் என் மகள் ஒன்றரை ஆண்டாகப் பயின்று வருகிறாள். மயிலாப்பூருக்கு அனுப்பினால்தான் பாட்டு வரும் என்று இங்குள்ள பெற்றோர் பலர் எண்ணுவதால் இதை எழுதுகிறேன்.

கீர்த்தனைகளுக்கு முன் பயிற்சிக்காகக் கற்கும் உருப்படியான வர்ணத்தின் பாடத்தை ஆசிரியை இந்த மண்ணோடு தொடர்புடையவர்களிடமிருந்தே தொடங்குகிறார். தியாகராஜரின் நேர்ச்சீடரான வீணை குப்பய்யர் சென்னை முத்தியால்பேட்டையில் வாழ்ந்து, வீணையிலும் பாட்டிலும் மாணவர்களை உருவாக்கியவர். சென்னைக்கு வந்த தியாகராஜர் திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியதும் இவ்வூரின் பெருமை. குருவின் பெயரையே தாங்கிய குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர், தந்தையின் உருப்படிகளையும் தம்முடையவற்றையும் தொகுத்து, 1900இல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்னும் நூலாக அச்சேற்றினார். கோபுரத்தைப் பார்த்தபடி இவற்றைக் கேட்கும் பிள்ளைகளுக்கு, வர்ணம் எங்கிருந்தோ வந்த பாடமாகத் தோன்றுவதில்லை.

தந்தை குப்பய்யரின் பேகடா ராக வர்ணம் முடிந்த பிறகே மகன் தியாகய்யரின் சஹானா ராக வர்ணமான ‘கருணிம்ப’. இங்கேதான் இந்த வகுப்பின் தரம் தெரிந்தது. சஹானா நேர்க்கோட்டில் இறங்காத ராகம். ‘ப ம க ம ரி க ரி ச’ என்று வளைந்து வரும் அந்தப் பிடி குழந்தைகளின் குரலில் படியும்வரை, மூன்று வாரங்கள் வர்ணத்தின் முதற்பகுதியான பல்லவியைத் தாண்டவே ஆசிரியை அனுமதிக்கவில்லை. மெதுவான முதற்காலம் உறுதியாகாமல், அதன் இரட்டை வேகமான இரண்டாங்காலத்துக்குப் போவதும் கிடையாது. ஆண்டு விழாவுக்காக அவசர அவசரமாக உருப்படிகளை அடுக்கும் வகுப்பொன்றில் முன்பு ஓராண்டை இழந்த எங்களுக்கு, இந்தப் பொறுமை பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. பாட்டின் சொற்களான சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறார்களே தவிர, பொருள் சொல்வதில்லை. ‘கருணிம்ப இதி மஞ்சி தருணமு’ என்றால் அருள்புரிய இதுவே நல்ல தருணம் என்று, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாதான் மகளுக்கு விளக்கினார்; அதன் பிறகு அவள் அந்த வரியை எடுக்கும் விதமே மாறிவிட்டது. ஒரு வகுப்பில் பத்துப் பேர் என்பதும் அதிகம். மாலையில் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் தம்பூராவின் சுருதி அமிழ்ந்துவிடுகிறது.

மாதக் கட்டணம் 900 ரூபாய். சேர்க்க விரும்புவோர் சனிக்கிழமைக் காலை வகுப்பையே கேட்டு வாங்குங்கள். அப்போது ஐந்தாறு பிள்ளைகள்தான் வருகிறார்கள், தெருவும் அமைதியாக இருக்கிறது.