ஏர் அப்பேரண்ட், ஏர் பிரசம்ப்டிவ்: எந்த வாரிசு உறுதி?

ஆங்கிலத்தில் ‘ஏர்’ என்றால் வாரிசு. எழுத்தில் முன்னால் ஹெச் இருக்கும், வாயில் வராது. பிரிட்டிஷ் அரசுரிமையில் இதில் இரண்டு வகை.

ஏர் அப்பேரண்ட் என்பவர் அசைக்க முடியாதவர். அரசருக்குப் பின் உயிரோடு இருந்தால் போதும், பட்டம் அவருக்குத்தான். இப்போது மன்னர் சார்லஸின் மூத்த மகன் வில்லியம்.

ஏர் பிரசம்ப்டிவ் நிலைமை வேறு. இன்றைக்கு வரிசையில் முதல் ஆள். நாளை ஒரு குழந்தை பிறந்தால் பின்னுக்குப் போக வேண்டியதுதான். இரண்டாம் எலிசபெத், அரசியாகும் முன், 1936 முதல் 1952 வரை இப்படித்தான் இருந்தார். ஒரு தம்பி பிறந்திருந்தால் கதையே வேறு. 1837-இல் விக்டோரியா பட்டமேற்றபோது இன்னும் வேடிக்கை: அவருக்கு முன் அரசராக இருந்து மறைந்த நான்காம் வில்லியமின் மனைவிக்கு இனிமேல் குழந்தை பிறந்தால் அதன் உரிமை பாதிக்கப்படாது என்று பிரகடனத்திலேயே எழுதினார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது 44 வயது!

முன்பு தம்பி பிறந்தால் அக்காவை முந்திவிடுவார். 2013-இன் அரசுரிமை வாரிசுச் சட்டத்துக்குப் பிறகு, 28 அக்டோபர் 2011-க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆகவே மூத்த மகளும் ஏர் அப்பேரண்ட் ஆகலாம்.

சரி, பத்திரிகைகள்? கட்சித் தலைவரின் மகனையும் கம்பெனியின் அடுத்த தலைவரையும் கூசாமல் ஏர் அப்பேரண்ட் என்கின்றன. தலைவர் மனம் மாறினால் போகிற பதவிக்கு பிரசம்ப்டிவ்தான் பொருத்தம்.