இரண்டு பாட்டிகள்: ரெம்பிராண்ட் வரைந்தவரும் மாஸ் வரைந்தவரும்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1634-இல் வரைந்த ஆக்யே, ராட்டர்டாமில் பீர் தயாரித்த ஒருவரின் மனைவி. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்தப் படத்திலேயே 83 என்று அவர் வயது எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பு உடை, கொசுவம் வைத்த பெரிய வெள்ளைக் கழுத்துப்பட்டை, அதற்கு மேல் முகம். பின்னணியில் வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த முகம்! தளர்ந்த கன்னமும் கண்ணோரச் சிவப்பும் கொஞ்சமும் மறைக்கப்படவில்லை. வரைந்தவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே 1634-இல் பிறந்தவர் நிக்கோலாஸ் மாஸ். பின்னாளில் ரெம்பிராண்டின் மாணவர். 1656 வாக்கில் அவர் வரைந்த கிழவிக்குப் பெயர் இல்லை. அந்தப் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கிழவி தனியாகச் சாப்பாட்டு மேசைமுன் கண்மூடி, கைகூப்பி ஜெபிக்கிறார். எதிரே ரொட்டி, மீன். சுவரில் சாவிகள் தொங்குகின்றன, மாடத்தில் மணற்கடிகாரம். கீழே ஒரு பூனை மேசைவிரிப்பை நகத்தால் இழுக்கிறது! அவருக்கோ அது தெரியவே இல்லை.

முதுமை உடலில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆக்யேதான். மாஸின் படத்தில் முதுமை ஒரு முழு வாழ்க்கையாக, வீடும் பசியும் பக்தியுமாகத் தெரிகிறது. ஆக்யே காசு கொடுத்து வரையச் சொல்லும் வசதியுள்ள குடும்பத்தவர். மாஸின் கிழவி யாருடைய பாட்டியாகவும் இருக்கலாம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் மாஸிடம்தான் போவேன், அந்தக் கூப்பிய கைகளுக்காக.